சரபோஜி மன்னரின் இளமைக் காலம்

தஞ்சைப் பெருவுடையார் திருக்கோயிலை வலம் வரும் அடியார்கள், இராசராசப் பெருவேந்தரின் தமிழ்க் கல்வெட்டுகளைக் கண்டு வியந்து நிற்பது வழக்கம். அதே கோயிலில், அவற்றுக்கு ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகள் பிற்பட்டதாய், மராத்தி மொழியில் நெடியதொரு கல்வெட்டும் உண்டு. போன்ஸ்லே மரபின் வரலாற்றைக் கூறும் அக்கல்வெட்டு 1803ஆம் ஆண்டில் பொறிக்கப்பெற்றது. பொறிக்கச் செய்தவர் இரண்டாம் சரபோஜி மன்னர். அவருக்கு அப்போது வயது இருபத்தாறு. நாடாளும் உரிமை அவர் கையைவிட்டு நீங்கி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆளுதற்கு நாடில்லாத ஓர் அரசர் தம் குலவரலாற்றைக் கோயிற் கல்லில் எழுதுவித்ததன் காரணத்தை உணர வேண்டுமாயின், அவருடைய இளமைப் பருவத்தைச் சிறிது அறிதல் வேண்டும்.

தஞ்சையில் மராத்தியர் ஆட்சி 1676ஆம் ஆண்டளவில் ஏகோஜி மன்னரால் தொடங்கிற்று. அவர் சத்திரபதி சிவாஜியின் மாற்றாந்தாய் வயிற்றுத் தம்பியார். நூறாண்டுகள் கழிவதற்குள் அவ்வரசு பல திசைகளிலிருந்தும் நெருக்குண்டது. ஆற்காட்டு நவாபு முகம்மதலி, தஞ்சை தமக்குக் கப்பம் செலுத்தக் கடமைப்பட்ட நாடு என்றார். அவருக்குப் படைத்துணை நல்கிய ஆங்கிலக் கும்பினியாரோ, அவரிடம் தங்களுக்கு வரவேண்டிய பணத்தையே பெரிதாக எண்ணினர். 1773இல் நவாபின் பொருட்டுக் கும்பினிப் படை தஞ்சைக் கோட்டையைக் கைக்கொண்டது. துளஜா மன்னர் குடும்பத்துடன் சிறைப்பட்டார். 1776இல் சென்னை ஆளுநர் பிகட் பிரபு அவரை மீண்டும் அரியணையில் அமர்த்தினார். அதனால் மூண்ட பகையில் ஆளுநரையே அவருடைய ஆலோசனைச் சபையினர் சிறை வைத்தனர். 1777இல் அவர் காவலிலேயே உயிர் நீத்தார். அரசருக்கு அரியணையை மீட்டுத் தந்தவர் சிறையில் மாண்ட அதே ஆண்டில், செப்டம்பர்த் திங்கள் 24ஆம் நாள், போன்ஸ்லே குலத்தின் கிளையொன்றில் சரபோஜி பிறந்தார்.

குழந்தைக்கு நான்கு வயது நிரம்பும் காலத்தில் ஐதர் அலியின் படை சோழ நாட்டுள் புகுந்தது. 1781ஆம் ஆண்டின் அப்படையெடுப்பைப் போன்றதொரு துன்பத்தைக் காவிரிக் கரை அதற்கு முன் நெடுங்காலம் கண்டதில்லை. மாடுகள் ஓட்டிச் செல்லப்பட்டன, உழவர் ஊரைவிட்டு ஓடினர், வாய்க்கால்கள் கவனிப்பாரற்றுத் தூர்ந்தன, பஞ்சம் வந்தது. நிலம் தரிசாகக் கிடக்குமாயின் கோயில்களின் நித்திய பூசைக்குரிய நெல் எங்கிருந்து வரும்? பெரிய கோயிலின் மதிலுக்குள்ளேயே அக்காலப் போர்களில் படையினர் தங்கினர் என்பதைக் கருதினால், ஏனைய கோயில்களின் நிலையைத் தனியே விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அப்பஞ்ச காலத்தில் தஞ்சை மக்கள் நம்பிய ஒரு பெயர் சுவார்ட்ஸ் பாதிரியார் என்பதாகும். பிரஷிய நாட்டில் 1726இல் பிறந்த இவர், 1750இல் தரங்கம்பாடிக்கு வந்து, திருச்சிராப்பள்ளியில் பல்லாண்டு பணிபுரிந்து, 1778இல் தஞ்சையில் நிலையாகத் தங்கினார். தமிழும் மராத்தியும் பாரசீகமும் பயின்றவர். கும்பினியாரின் தூதராக 1779இல் சீரங்கப்பட்டணம் சென்றபோது, ஆங்கிலேயர் எவரையும் நம்பாத ஐதர் அலி இவர் ஒருவர் சொல்லை மட்டும் ஏற்கத் துணிந்தார். கோட்டைக்குள் தானியம் அற்றுப்போன வேளையில், அரண்மனையாரின் சொல்லையும் கும்பினியாரின் சொல்லையும் நம்பி மாடு தர மறுத்த குடிகள், விலை கொடுக்கப்படும் என்று இவர் உறுதி கூறியதும் நெல் கொண்டுவந்தனர். சமயத்தால் வேறுபட்ட ஒருவரின் சொல்லுக்கு இத்துணை மதிப்பு இருந்ததென்றால், ஏனையோர் வாக்குகள் எவ்வளவு மலிந்து கிடந்தன என்பதும் உடன் புலனாகின்றது.

துளஜா மன்னர் தாம் பெற்ற மக்களை இழந்து, நோயும் துயரமும் மிகுந்து, 1787ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மரணப் படுக்கையில் கிடந்தார். அரசு வழியற்றுப் போகாதிருக்க, குலக் கிளையிலிருந்து ஒன்பது வயதுச் சரபோஜியை முறைப்படி தத்தெடுத்துக்கொண்டார். பின்னர்ப் பாதிரியாரை வரவழைத்து, இவன் இனித் தம் மகனல்லன், அவருடைய மகனே எனக் கூறிச் சிறுவரை அவரிடம் ஒப்புவிக்க முயன்றார். பாதிரியார் அப்பொறுப்பை ஏற்கவில்லை. அரியணைக்குப் போட்டியிடுவோர் உள்ள நாட்டில் இக்குழந்தை வேலியில்லாத தோட்டம் போன்றது என்பதை எடுத்துக்காட்டி, மன்னரின் தம்பியாரான அமர்சிங்கைப் பாதுகாவலராக அமர்த்துமாறு அவரே ஆலோசனை கூறினார். அமர்சிங்கும் குழந்தையைத் தம் மகனெனக் காப்பதாக வாக்களித்தார். சில நாட்களில் துளஜா மன்னர் மறைந்தார். வேலியாக வைக்கப்பட்டவரே தோட்டத்திற்கு உரிமை கோருவார் என்பதைப் பாதிரியார் எண்ணிப் பார்க்கவில்லை. அவர் வாழ்நாளில் செய்த பிழைகளுள் இது பெரியது எனலாம்.

இங்கே சாத்திரம் அரசியலின் கைக்கருவியாயிற்று. அமர்சிங்கு, சரபோஜியின் தத்து செல்லாது என்று கும்பினியாரிடம் வாதிட்டார். சென்னை ஆளுநர் ஆர்ச்சிபால்டு காம்பெல் தஞ்சைக்கு வந்து, பண்டிதர்களைக் கூட்டிக் கருத்துக் கேட்டார். தருமசாத்திரத்தின்படி தத்துப் புத்திரனுக்குச் சில இலக்கணங்கள் உண்டு. தத்தெடுப்போர் தெளிந்த மனத்தினராய் இருத்தல் வேண்டும். ஒருவர் தமக்குள்ள ஒரே மகனைக் கொடுத்தலாகாது, கொடுத்தால் பெற்றவர் குலத்துக்குப் பிண்டமிடுவார் இல்லாமற் போகும். உரிய சடங்குகள் செய்தற்கேற்ற வயது கடவாதிருத்தல் வேண்டும். துளஜா மன்னரின் அறிவு நோயால் கலங்கியிருந்தது, சிறுவர் தம் தந்தையாருக்கு ஒரே மகன், வயதும் மிகுந்துவிட்டது என மூன்று வழியாலும் தத்து செல்லாதென்று பண்டிதர்கள் முடிவு கூறினர். அமர்சிங்கு அரசரானார். பிதிர்க்கடனை முன்னிட்டு வகுக்கப்பட்ட விதிகள், ஒரு சிறுவர் அரசராவதா அன்றோ என்ற வழக்கைத் தீர்க்கும் நிலைக்கு இழுத்துவரப்பட்டன. தந்தை எனக் கருதியவருக்கு நீர்க்கடன் செலுத்தும் உரிமையும் தமக்கு உண்டா என்பதே ஐயத்துக்குள்ளாகிய நிலையில், பத்து வயதுக் குழந்தையின் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதைப் படிப்போரே உணர்ந்துகொள்ளலாம்.

அதன்பின் வந்த ஆண்டுகள் துன்பம் மிக்கவை. இளவரசர் அரண்மனைக்குள்ளேயே அடைபட்டார். கல்வி கற்பிப்பார் இல்லை. வெளியே செல்ல இசைவில்லை. சாளரங்கள் மூடப்பட்ட அறையில், கதிரவன் எழுவதும் மறைவதும் அறியாதவராய் அவர் இருந்தார் எனப் பாதிரியார் கும்பினியாருக்கு முறையிட்டார். எழுத்தறிவின்றி வளரும் அரசகுமாரர் பின்னர் எவ்வுரிமையையும் கோர வல்லவராகார். அவரைக் கல்லாதவராக வைத்திருத்தலே போட்டியை ஒழிக்கும் எளிய வழியென்று அரண்மனையில் சிலர் எண்ணினர் போலும். மறைந்த மன்னரின் தேவியரும் அவமதிப்புக்கு ஆளாயினர். பாதிரியாரின் முறையீடுகளால் கும்பினியார் இளவரசருக்குக் காவலர்களை அமர்த்தினர். அவரைக் கண்காணிக்கும் பொறுப்பும், முன்பு மறுத்த அப்பாதிரியாரிடமே வந்து சேர்ந்தது. ஆயினும் தஞ்சையில் இருக்கும்வரை ஆபத்து நீங்காது எனக் கண்டு, 1793ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இளவரசரையும் துளஜா மன்னரின் தேவியரையும் சென்னைக்கு அழைத்துச் சென்றனர்.

அமர்சிங்கு மன்னரைக் கொடியவராக மட்டும் தீட்டிவிடுதல் முறையன்று. அவர் இசைக்கும் புலமைக்கும் ஆதரவளித்தவர். பின்னாளில் திருவிடைமருதூரில் ஒதுங்கி வாழ்ந்த காலத்தும் வித்துவான்களைப் போற்றினார். இராசகுடும்பத்தில் பிறந்து அரியணைக்கு அருகே நிற்பவருக்கு நேரும் ஆசை அவருக்கும் நேர்ந்தது. அவ்வாசைக்கு ஒரு சிறுவரின் இளமை விலையாயிற்று.

சென்னையில் வாழ்ந்த ஆண்டுகளே சரபோஜியை உருவாக்கின. பதினைந்து வயதில் அங்குச் சென்றவர் கேரிக்கே பாதிரியாரிடம் ஆங்கிலமும் பிற கலைகளும் பயின்றார். இழந்த ஆண்டுகளை ஈடுசெய்பவர்போலக் கற்றார். மராத்தி, தமிழ், தெலுங்கு, வடமொழி ஆகியவற்றோடு மேனாட்டு மொழிகளிலும் அவருக்கு விருப்பம் வளர்ந்தது. இருண்ட அறையில் ஏடு மறுக்கப்பட்ட ஒருவரே பின்னாளில் சரசுவதி மகால் நூல்நிலையத்தைப் பல்லாயிரம் சுவடிகளாலும் நூல்களாலும் நிரப்பினார் என்பது எண்ணி மகிழத்தக்கது.

ஈண்டு ஓர் ஐயம் எழுவது இயல்பு. இளமையில் தாயகத்தை விட்டு நீங்கி, தம் உயிருக்கும் உரிமைக்கும் காவலாய் நின்ற கிறித்தவ ஆசிரியர்களிடம் வளர்ந்த இளவரசர், அவர்தம் சமயத்தைத் தழுவினாரல்லரோ? சுவார்ட்ஸ் பாதிரியார் தம் மாணவர் கிறித்தவராதலை விரும்பினார் என்பதில் மறைவொன்றுமில்லை. தம் சமயத்தைப் பரப்பவே கடல் கடந்து வந்தவர் அவர். தம் உள்ளத்தில் உள்ளதை மறைத்துப் பேசும் இயல்பினரும் அல்லர். ஆனால், காப்பாற்றியதற்குக் கைம்மாறாக அதனை அவர் கேட்கவில்லை. தேவியர் உடனிருந்தனர், குலாசாரங்கள் விடாது நடைபெற்றன. நன்றிக்கடனுக்காகச் சமயத்தை மாற்றிக்கொள்ளுதலும், சமயப் பற்றுக்காக நன்றியை மறத்தலும் ஆகிய இரண்டில் ஒன்றைச் செய்தவர் அக்காலத்தில் பலர். சரபோஜி இரண்டையும் செய்யவில்லை. சிவபூசையும் திருநீறும் விடாதவராகவே வாழ்ந்து, பாதிரியாரைத் தந்தை எனவே இறுதிவரை குறிப்பிட்டு வந்தார்.

இதற்கிடையில் தத்து வழக்கு மீண்டும் ஆராயப்பெற்றது. 1787இல் கருத்துக் கூறிய பண்டிதர்கள் அமர்சிங்கின் செல்வாக்குக்கு உட்பட்டிருந்தனர் எனக் குற்றஞ்சாட்டப்பட்டது. வடநாட்டுப் பண்டிதர்களின் கருத்தும் பெறப்பட்டது. இம்முறை தத்து செல்லும் என்று தீர்ப்பாயிற்று. சாத்திர நூல்கள் அவையே, சிறுவரும் அவரே. இளைஞரின் உரிமை நியாயமானதே என்பதில் நமக்கு ஐயமில்லை. எனினும் இருமுறையும் வந்த முடிவு கும்பினியாருக்கு அவ்வக்காலத்தில் உகந்ததாய் அமைந்தது என்பதையும் கூறாமல் விடுதல் நேர்மையாகாது.

1798ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 13ஆம் நாள் சுவார்ட்ஸ் பாதிரியார் தஞ்சையில் காலமானார். அவர் நோயுற்றிருந்தபோது இளவரசர் சென்று கண்டார்; குடிகள் எச்சமயத்தினராயினும் ஒரு நிகராகக் காக்க வேண்டும் என்பது அவருக்குக் கிடைத்த இறுதி அறிவுரைகளுள் ஒன்று. அடக்கத்தின்போது இளவரசர் நேரில் வந்து, பெட்டியின் மீது பொன்னாடை போர்த்திக் கண்ணீர் உகுத்தார். அரசகுலத்தார் ஒருவர் பிற சமயத்தாரின் பிரேதத்தருகே நின்று அழுதல் அந்நாளைய வழக்கத்துக்கு மாறானது. கல்லறைக்கு ஆங்கிலத்தில் சில அடிகள் பாடி அவரே பொறிக்கச் செய்தார். அடுத்த ஜூன் திங்கள் 29ஆம் நாள் சரபோஜி அரியணை ஏறினார். அவருக்கு வயது இருபது. அந்நாளைக் காண்பதற்காகவே பத்தாண்டுகள் போராடியவர் நான்கு திங்கள் முன்பே மறைந்திருந்தார்.

ஏறிய அரியணையும் ஓராண்டுக்கு மேல் முழுமையாக நிலைக்கவில்லை. 1799ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 25ஆம் நாள் செய்துகொண்ட உடன்படிக்கையால் நாட்டின் ஆட்சி முழுவதும் கும்பினியாரைச் சேர்ந்தது. கோட்டையும் அதனைச் சூழ்ந்த சிறுபகுதியும் மட்டும் மன்னர்க்கு எஞ்சின. ஆண்டுக்கு ஒரு லட்சம் நட்சத்திர வராகனும் நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் அவருக்கெனக் குறிக்கப்பட்டன. அமர்சிங்கு மன்னர்க்கும் தனியே உபகாரச் சம்பளம் ஏற்பட்டது. அரசாக்கியவர்களே அரசைப் பெற்றுக்கொண்டனர். இளைஞர் இதற்கு உடன்பட்டது அச்சத்தாலா, நன்றியாலா, வேறு வழியின்மையாலா என்று இன்று தீர்த்துச் சொல்லுதல் எளிதன்று. மூன்றும் கலந்திருந்தன எனக் கொள்வதே பொருந்தும்.

ஆனால் ஒன்றை அவர் விட்டுக்கொடுக்க மறுத்தார். இராமேசுவர யாத்திரை வழியில் தஞ்சை மன்னர்கள் நிறுவியிருந்த சத்திரங்களையும் கும்பினியார் எடுத்துக்கொள்வார்களோ என்ற நிலை வந்தபோது, 1801இல் அவர் எழுதிய மடல் அவருடைய உள்ளத்தைத் தெளிவாகக் காட்டும். அச்சத்திரங்கள் தம் முன்னோரின் அறம் என்றும், அவை தம் பொறுப்பிலேயே இருத்தல் வேண்டும் என்றும் அவர் வேண்டினார். அங்கு அந்தணர் முதல் தாழ்த்தப்பட்டோர் வரை யாத்திரிகர் யாவர்க்கும் உணவு உண்டு. நோயுற்றார்க்கு மருத்துவர் உண்டு. கருவுற்ற பெண்கள் மகப்பேறு முடிந்து உடல் தேறும்வரை தங்குவர் என்று விளக்கினார். யாத்திரையில் பெற்றோர் இறந்துபட்டு அநாதைகளான குழந்தைகளைச் சத்திரத்துப் பள்ளி ஆசிரியரிடம் ஒப்புவித்து, நாள்தோறும் மும்முறை உணவளித்து, எண்ணெய் நீராட்டி, அவரவர்க்கு ஏற்ற கல்வி நிரம்பும்வரை வளர்ப்பது வழக்கம் என்பதையும் அம்மடல் விரித்துக் கூறுகின்றது. நாட்டின் வருவாய்க் கணக்கைப் பேசவேண்டிய இடத்தில் அநாதைக் குழந்தையின் எண்ணெய்க் குளியலைப் பற்றி எழுதிய அரசர் வேறு எவர் உளர்? சத்திரங்கள் அவர் பொறுப்பிலேயே தொடர்ந்தன. பின்னர் ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் சத்திரமும் அவரால் எழுந்தது.

படை தங்கிச் சீர்கெட்ட பெரிய கோயிலின்பால் அவர் நாட்டம் சென்றதும் இக்காலத்திலேதான். 1801ஆம் ஆண்டை ஒட்டிய சில ஆண்டுகளில் கணபதி சந்நிதி புதுக்கப்பெற்றது. அம்மன் சந்நிதி, சுப்பிரமணியர் கோயில் முதலியவற்றிலும் திருச்சுற்றுத் தளத்திலும் மடைப்பள்ளியிலும் திருப்பணிகள் நடந்தன. அத்திருப்பணிக் காலத்தை அடுத்தே, முதலிற் கூறிய மராத்திக் கல்வெட்டும் பொறிக்கப்பட்டது. போன்ஸ்லே குலத்தின் முன்னோர் முதல் தம் காலம் வரை வந்த மரபை அது வரிசையாகக் கூறுகின்றது. தாம் யார் மகன் என்பதைப் பண்டிதர் சபைகள் இருமுறை மாறிமாறித் தீர்த்த ஒருவர், அதனை மூன்றாம் முறையாக எவரும் கேளாதவாறு இறைவன் திருமுன் கல்லில் எழுதி வைத்தார்.

அவருடைய பிற்கால வாழ்வு விரிவானது. 1805இல் அவர் அமைத்த தேவநாகரி அச்சகம், தன்வந்திரி மகாலில் கண்நோயாளர்க்குச் செய்த சிகிச்சைகளைப் படத்துடன் குறித்து வைத்தமை, 1820இல் மேற்கொண்ட காசி யாத்திரை ஆகியவை தனித்தனியே எழுதத்தக்கவை. கொட்டையூர்ச் சிவக்கொழுந்து தேசிகர் மன்னரைப் பாட்டுடைத் தலைவராக வைத்துப் பாடிய சரபேந்திர பூபாலக் குறவஞ்சி பெரிய கோயிலில் நடிக்கப்பெற்றது. சுவார்ட்ஸ் பாதிரியாரிடம் உடன் பயின்ற வேதநாயகம் சாஸ்திரியார், பெத்லகேம் குறவஞ்சி பாடிய கிறித்தவப் புலவர். அவரும் மன்னரின் ஆதரவைப் பெற்றார். 1826இல் தஞ்சைக்கு வந்த ஹீபர் பேராயர், மேனாட்டு அறிவியலை எளிதாக உரையாடிய இம்மன்னரைக் கண்டு வியந்தார். அப்போதும் மன்னர் தம் பழைய ஆசிரியரை அன்போடு நினைவுகூர்ந்து பேசினார். 1832இல் மன்னர் மறைந்தார்.

பாதிரியாருக்காக அவர் இங்கிலாந்துச் சிற்பி பிளாக்ஸ்மனைக் கொண்டு சலவைக்கல்லில் ஒரு நினைவுச் சிற்பம் செய்வித்தார். மரணப் படுக்கையில் முதியவர் கிடக்க, அருகே கேரிக்கே பாதிரியார் நிற்க, தலைப்பாகை அணிந்த இளவரசர் ஆசிரியரின் கையைப் பற்றி நிற்கும் காட்சி அது. தஞ்சைச் சிவகங்கைக் குளத்தருகே உள்ள தேவாலயத்தில் அச்சிற்பம் இருக்கின்றது. பெருவுடையார் திருக்கோயிலும் அத்தேவாலயமும் சிவகங்கைச் சிறுகோட்டையின் ஒரே மதில்வளைவுக்குள் அமைந்தவை. கல்வெட்டைக் கண்டு வெளியே வருவோர் சிறிது தொலைவு நடந்தால் சிற்பத்தையும் காணலாம்.